பேட்டரின்னு சொல்லியிருந்தா...

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் போர்வெல் ரிக் வண்டி. ஆனால் நாமக்கல் லாரிப் பட்டறைக்கு ஒரு படகு வந்தது என்றால் நம்புவீர்களா?

வந்தது. போன வருஷம் மே மாத லீவில், ஒரு மினி லாரியில், பின்னால் மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டு. பழைய அலுமினியப் படகு. பதினாலு அடி நீளம். ஏரியில் மீன்பிடி குத்தகை எடுத்த ஒருத்தர், எங்கோ கடலோர ஊரில் ஏலத்தில் வாங்கி வந்திருந்தார். "பார்க்க அசிங்கமா இருக்குதுங்க. சீசனுக்குள்ள நல்லா பெயிண்ட் அடிச்சுக் குடுங்க" என்று என் தாய்மாமாவிடம் விட்டுவிட்டுப் போனார்.

மாமா முப்பது வருஷமாக லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவர் இழுக்கும் கோட்டை ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவரை படகைத் தொட்டதில்லை. எங்களுக்கெல்லாம் படகு என்றால் பூலாம்பட்டியில் ஏறி காவிரியைத் தாண்டி நெரிஞ்சிப்பேட்டையில் இறங்குவது, அவ்வளவுதான். மேட்டூர்ப் பக்கம் பரிசலின் அடியில் தார் பூசுவதைப் பார்த்திருக்கிறோம். இது இரண்டும் இல்லை, புது விருந்தாளி.

இந்தக் கட்டுரை அந்தப் படகுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்த கதை. முதல் முறை ஏன் உரிந்தது என்பதில் பாதி கெமிஸ்ட்ரி. மீதிப் பாதி நான்.

*

முதல் முறை நடந்தது இதுதான். மாமா லாரிக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். இரும்புக் கம்பி பிரஷை கிரைண்டரில் மாட்டித் தேய்த்தார். போர் தண்ணீரில் கழுவினார். ரெட் ஆக்சைடு ப்ரைமர். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, மேலே இரண்டு கோட் நீல எனாமல். ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு. படகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் மாட்டுகிற பின்பக்கத்தில் யாரோ நான்கு பித்தளை போல்ட் போட்டிருந்ததைப் பார்த்தேன். அதில் இரண்டு, படகு தண்ணீரில் இறங்கினால் தண்ணீருக்குக் கீழே போகிற இடம். போல்டைச் சுற்றி வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தது. என் தலைக்குள் ஒரு மணி அடித்தது. கால்வானிக் கரோஷன். 13 மார்க் கேள்வி. படம் போட்டு எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

"மாமா, இந்த போல்ட் இருந்தா கால்வானிக் கரோஷன் வருமுங்க."

"அதென்றா அது?"

"அது வந்து... ரெண்டு மெட்டலுக்கு நடுவுல பொட்டென்ஷியல் டிஃபரன்ஸ் இருக்கும். எலக்ட்ரோலைட் இருந்தா ஆனோட் வந்து..."

மாமா கையில் பட்டியோடு காத்திருந்தார். பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் தமிழில் அடுத்த வார்த்தை வரவில்லை. எல்.கே.ஜி-யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அந்தப் பாடம் என் மண்டையில் இங்கிலீஷில் மட்டும்தான் குடியிருந்தது. "ஒண்ணுமில்லீங்க மாமா, துரு புடிக்கும்னு சொன்னேன்" என்றேன்.

"அலுமினியம் எங்கடா துரு புடிக்கும்?" என்று சொல்லிவிட்டு போல்ட் மேலேயே ப்ரைமர் அடித்தார்.

நான் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் தனியாகச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். காலேஜ் திறந்ததும் போனில்கூட சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை.

*

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வந்தபோது படகு பட்டறையில் மறுபடி நின்றது, தார்ப்பாய் போர்த்தி. தூக்கிப் பார்த்தேன். நீலப் பெயிண்ட் வாழைப்பட்டை உரிகிற மாதிரி பாளம் பாளமாக வந்தது. அடியில் பளபளவென்று வெறும் தகடு. ரெட் ஆக்சைடு உலோகத்தில் ஒட்டவே இல்லை. பின்பக்கம் இன்னும் மோசம். போல்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்து, உள்ளே வெள்ளை மாவு. மாமா ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினார், உள்ளே போய்விட்டது.

ஏரி நடுவில் ஒருநாள் காலை வலையோடு இரண்டு பேர் இருக்கும்போது தண்ணீர் ஏறியிருக்கிறது. கரை பக்கம், ஆழம் குறைவு, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டு பேரில் ஒருத்தருக்கு நீச்சல் தெரியாதாம்.

குத்தகைக்காரர் சண்டை போடவில்லை. அதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை. வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "முப்பது வருசத்துல ஒரு வண்டி இப்படித் திரும்பி வந்ததில்ல. என் கை போச்சு போல" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. அவர் கை போகவில்லை என்று எனக்குத் தெரியும். தப்பு எங்கே என்று மே மாதமே தெரியும்.

*

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி பேசிவிடுகிறேன். ஒருநாள் உங்களுக்கும் உதவும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். உண்மையில் அது மிக வேகமாக ஆக்சிஜனோடு சேருகிற உலோகம். புதிதாகத் தேய்த்த இடம் காற்றில் பட்ட அந்தக் கணமே மேலே ஆக்சைடு படலம் உருவாகிவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான். ஆனால் இரும்புத் துரு மாதிரி உதிராது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அதனால்தான் பல நாடுகளில் அலுமினிய வேலைப் படகுகளைப் பெயிண்டே அடிக்காமல் அப்படியே ஓட்டுகிறார்கள்.

இந்தப் படலத்துக்கு எதிரிகள் உண்டு. ஒன்று, அளவுக்கு மீறிய புளிப்பும் காரமும். அலுமினியக் குண்டானில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைக்காதே என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார்கள். அது சரியான அறிவியல். காஸ்டிக் சோடா அதைவிட மோசம். இரண்டாவது எதிரி, உப்பு. மூன்றாவது, ஈரத்தில் பக்கத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிற வேறு உலோகம்.

ஸ்டாண்டர்ட் எலக்ட்ரோடு பொட்டென்ஷியல் அட்டவணையில் அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட், செம்பு பிளஸ் 0.34. பித்தளையில் பெரும்பகுதி செம்பு. ஆக்சைடு படலம் இருப்பதால் நிஜத்தில் இடைவெளி அவ்வளவு இருக்காது, ஆனால் திசை மாறாது. கரைவது அலுமினியம்தான். கடலில் இது வேகமாக நடக்கும், நல்ல தண்ணீரில் மெதுவாக. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில்.

மாமா செய்ததில் எது எங்கே இடித்தது என்று இப்போது உங்களுக்கே புரியும். இரும்புக் கம்பி பிரஷ், இரும்புத் துகளை மெதுவான அலுமினியத்துக்குள் பதித்துவிட்டது. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி போல்ட். போர் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போனது. ரெட் ஆக்சைடு இரும்புக்கானது, வழவழப்பான அலுமினியத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஒட்டாத பெயிண்டுக்கு அடியில் ஈரம் போய்த் தங்கியது. ஒட்டாத பெயிண்ட், பெயிண்டே இல்லாததைவிடக் கெடுதல்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? இந்த உலோகத்துக்கு நாம் அந்நியர் இல்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூர் மால்கோ ஆலையில் 1965 முதல் அலுமினியம் எடுத்தார்கள். அதற்கும் முன்னால், 1898 வாக்கில், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற இன்ஜினியரிங் பேராசிரியர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பதில் அலுமினியப் பாத்திரம் செய்யக் கன்னார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்தின் கதை அங்கே தொடங்குகிறது. லெக்சர் ஹாலில் இருந்தவர், சுத்தியல் பிடிக்கிறவர்களிடம் நேராகப் போய்ப் பேசினார். நான் சொந்த மாமாவிடம் பேசவில்லை.

*

பொங்கல் லீவில் சொன்னேன். பட்டறை சாத்தியிருந்தது. மாமா தனியாக உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க கை போகலைங்க. அந்த போல்ட்தானுங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லத் தெரியல."

அவர் ஒன்றும் பேசவில்லை. நான் தொடர்ந்தேன். இந்த முறை வார்த்தையைத் தேடி ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். "ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு ஒரே தண்ணியில நின்னா, ஒண்ணு கொடுக்கும், ஒண்ணு வாங்கும். கொடுக்கிறது கரைஞ்சுக்கிட்டே போகும். இங்க பித்தளை வாங்குது, அலுமினியம் கொடுக்குது. நடுவுல தண்ணி கரண்ட்டை எடுத்துட்டுப் போகுது."

மாமா நிமிர்ந்தார். "அப்ப பேட்டரி மாதிரியா?"

"பேட்டரியேதானுங்க மாமா."

"அட கிறுக்கா! பேட்டரின்னு சொல்லியிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்குமேடா!"

முப்பது வருஷமாக லாரி பேட்டரிக்கு நடுவில் வாழ்கிற மனுஷன். தண்ணீரில் இரண்டு தகடு இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? நான் ஆனோட், கேத்தோட் என்று ஆரம்பித்ததால் அவர் தெரிந்து வைத்திருந்த பொருளை அவருக்கே தெரியாத மாதிரி ஆக்கிவிட்டேன்.

அதோடு விடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கரையறது அலுமினியம்னா, அதுக்கு மட்டும் நல்லா பெயிண்ட் அடிச்சுட்டா போதுமில்ல?" என்றார். என்னை எந்த வைவாவிலும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. ஏனென்றால் பதில் நேர் எதிர். அலுமினியத்துக்கு மட்டும் அடித்தால், பெயிண்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும், பித்தளை முழுக்க இழுப்பதை அந்த ஒரு கீறல் தாங்க வேண்டும். அங்கே ஓட்டையே விழும். போல்டைத்தான் முதலில் மூட வேண்டும், இல்லை எடுத்தே விட வேண்டும். "பத்து பேர் கடனை ஒருத்தன் தலையில கட்டற மாதிரி" என்று சொன்னேன். மாமா தலையாட்டினார். பட்டறைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

*

இரண்டாவது முறை செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களிடம் படகு இல்லாவிட்டாலும் அலுமினியக் கதவு, ஜன்னல், ப்ராஜெக்ட் ஃப்ரேம் இருக்கும்.

பழைய பெயிண்டை எடுக்க மாமா வழக்கம்போல் காஸ்டிக் சோடா வாளியைத் தூக்கினார். நான் வாயால் சொல்லவில்லை. பட்டறைக்கு வெளியே, வெல்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் மக்கில் கொஞ்சம் காஸ்டிக் கரைத்து, உடைந்த அலுமினிய மூடித் துண்டைப் போட்டேன். பொங்கிக்கொண்டு குமிழ் வந்தது, மக்கு சூடேறியது. வருவது ஹைட்ரஜன், நெருப்பு ஆகாது. மாமா வாளியைத் தானே எடுத்து உள்ளே வைத்தார். பெயிண்ட் ரிமூவர் தடவி, மரச் சட்டத்தைச் சீவி அதனால் சுரண்டினோம். இது பழைய படகு, அடிக் கோட்டில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம் என்பதால் காய்ந்த தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம், மாஸ்க் போட்டுக்கொண்டு.

பித்தளை போல்ட் நான்கையும் கழற்றினோம். அரித்த இடத்தை வெட்டி எடுத்து, தெரிந்த ஆர்கான் வெல்டர் ஒருத்தரிடம் அலுமினியத் தகடே வைத்துப் பற்றவைத்தோம். புது போல்ட் ஸ்டெயின்லெஸ். அதுவும் அலுமினியத்துக்கு அந்நியம்தான், அதனால் நைலான் வாஷரும் ஸ்லீவும் போட்டு, உலோகத்தோடு உலோகம் தொடாமல் பிரித்தோம்.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு. தேய்ப்பதற்கு முன்னால் இதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசுக்கை உலோகத்துக்குள் நாமே தேய்த்து ஏற்றுகிறோம். ஒரு துணியில் தின்னர், பின்னாலேயே காய்ந்த துணி. கடைசியாகக் கழுவியது போர் தண்ணீரில் இல்லை, காவிரிக் குழாய்த் தண்ணீரில். தண்ணீரை ஊற்றியதும் மாமா குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். "தண்ணி முத்து முத்தா நிக்குது பாரு, அங்க இன்னும் எண்ணெய் இருக்குது." எங்கள் புத்தகத்தில் இதற்கு வாட்டர் பிரேக் டெஸ்ட் என்று பெயர். அவர் யாரிடமும் படிக்காமல் முப்பது வருஷமாகச் செய்துவருகிறார். தண்ணீர் ஒரே படலமாக விரிகிற வரை துடைத்தோம்.

பிறகு அலுமினியம் ஆக்சைடு தாளால் மேல் முழுக்க மங்கலாகும்வரை தேய்த்தோம். கம்பி பிரஷ் பக்கமே போகவில்லை. தேய்த்த அன்றைக்கே ப்ரைமர். நாள் கடத்தினால் தூசியும் ஈரமும் ஏறிவிடும். தை மாதப் பனி, காலை பத்து மணி வரை தகட்டில் ஈரம் இருந்தது, அதுவரை காத்திருந்தோம்.

ப்ரைமர், இரண்டு டப்பா கலக்கிற எபாக்ஸி. அலுமினியத்துக்கு எட்ச் ப்ரைமர் என்று ஒன்றும் உண்டு. அதில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் மேல் எல்லா எபாக்ஸியும் ஒத்துப்போகாது, அந்த அமிலம் எபாக்ஸி இறுகுவதைக் கெடுக்கலாம். ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்யுங்கள். டப்பா முழுக்க இங்கிலீஷ். மாமாவுக்காக நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். என் பன்னிரண்டு வருஷ இங்கிலீஷ் மீடியத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் கிடைத்தது.

எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும், அதனால் மேலே பாலியூரித்தேன் இரண்டு கோட். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. மாமா முகத்தில் துண்டு கட்டிக்கொள்வார். இந்த முறை சரியான ஃபில்டர் மாஸ்க் வாங்கி மாட்டிவிட்டேன். முனகிக்கொண்டே போட்டார். இப்போது லாரிக்கு அடிக்கும்போதும் போடுகிறார் என்று அத்தை சொன்னார்கள். இந்தக் கட்டுரையில் எனக்கு அதிகம் சந்தோஷம் தருகிற வரி இதுதான்.

உள்பக்கத்துக்கு நம் வெயிலை நினைத்து வெளிர் நிறம். வெளியே அதே நீலம். ஒரு வாரம் நன்றாக இறுகவிட்டுத் தண்ணீரில் இறக்கினோம்.

*

சார்லஸ் ஹால் என்று ஒருவர் பற்றிப் படித்திருப்பீர்கள். 1886-இல் அமெரிக்காவில், வீட்டு விறகுக் கொட்டகையில் அலுமினியத்தை மின்சாரத்தால் பிரித்தெடுத்தவர். அப்போது அவருக்கு வயது 22. அதே வருஷம், அவரைத் தெரியாமலேயே, பிரான்சில் பால் ஹெரூ அதையே செய்தார். இரண்டு பேருமே 1863-இல் பிறந்தவர்கள். நம் வயசு. அவர்கள் மாதிரி கண்டுபிடிக்கவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன ஒன்றை, நான்கடி தள்ளி நின்றவரிடம் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் வருத்தம். அந்த வருத்தத்தில் நீச்சல் தெரியாத ஒரு மனுஷனும் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டறை இருக்கும். தறியாக இருக்கலாம், கோழிப்பண்ணையாக, மரவள்ளிக் காடாக, சமையலறையாக இருக்கலாம். உங்கள் பாடம் எங்கேயாவது அதன் பக்கத்தில் வந்து நிற்கும். அப்போது இங்கிலீஷ் வார்த்தை மட்டும் வந்தால், "ஒண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மக்கில் போட்டுக் காட்டுங்கள், தரையில் படம் வரையுங்கள். இல்லையென்றால் "எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா இது தப்பு" என்றாவது சொல்லுங்கள். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். படகின் முன்பக்கம் பாறையில் உரசி ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறதாம். "தொட்டுக்கிட்டு வேற உலோகம் ஒண்ணும் இல்ல. ஆனாலும் காயவெச்சு, தேய்ச்சு, ப்ரைமர் போட்டுட்டேன். சரிதானே?"

"சரிதானுங்க மாமா."

"உன் பரீட்சை எப்படா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டார்.